நீல ரிப்பன் இல்லாமல் ஐம்பத்தொரு கிலோமீட்டர்

உப்பு கடலிலிருந்து வருகிறது என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வருவது வெறும் உவர்த் தண்ணீர். அதை உப்பாக்குவது பாத்தியின் தரை, அந்தத் தரையை உண்டாக்குவது எங்கள் கால். மரக்காணத்தில் மழைக்காலம் முடிந்ததும் பாத்தியில் தேங்கிய தண்ணீரை வடித்து, சேற்றை வழித்து, நுண்மணல் தூவி, எட்டுப் பெண்கள் வரிசையாக நின்று மிதிக்க ஆரம்பிப்போம். தோளோடு தோள் உரச, அரையடி அரையடியாக நகர்ந்து பாத்தியின் மறுகோடி வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். பதினைந்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். கடைசி மிதி முடிந்த பிறகு மூன்று நாளைக்கு ஒரு காக்கா வந்து உட்கார்ந்தாலும் விரட்டுவோம். மேல்தோல் இறுகுகிற நேரம் அது. அப்போது ஒரு கால் பதிந்தால் போச்சு, அடியில் இருக்கிற கருஞ்சேறு மேலே வரும், உப்பு அழுக்காக விளையும். மறுபடியும் முதலிலிருந்து மிதிக்க வேண்டியதுதான்.

விஷயம் தெரியாதவர் கண்ணுக்கு மிதித்து முடித்த பாத்தி எப்படி இருக்கும் தெரியுமா? காலி மைதானம் மாதிரி இருக்கும். சமமாக, சுத்தமாக, ஒரு புல் பூண்டு இல்லாமல். யாருக்காவது ஓடிப் பார்க்கலாம் என்று ஆசை வந்தால் அதன் மேல்தான் வரும்.

வந்தது. 2006ஆம் வருஷம், தை மாதம் முடிகிற சமயம். சுனாமி வந்து ஒரு வருஷம் கழிந்திருந்தது. அந்த ஒரு வருஷத்தில் எங்கள் கடற்கரைக்கு வராத ஆள் இல்லை. பாய் கொடுத்தார்கள், பாத்திரம் கொடுத்தார்கள், பிள்ளைகளுக்குப் பொம்மை கொடுத்தார்கள், எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நன்றி கெட்டவள் என்று என்னை நினைக்க வேண்டாம். கொடுத்ததை வாங்கினோம், தேவையும் இருந்தது. கடைசியாக வந்தவர்கள் ஓட்டத்தைக் கொண்டுவந்தார்கள். நிவாரணத்துக்காக ஐம்பது கிலோமீட்டர். மரக்காணத்தில் விடிகாலை கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போய், கோட்டக்குப்பத்துக்குச் சற்று முன்னால் திரும்பி, வந்த வழியே வந்து, எங்கள் உப்பளத்துக்குள் நுழைந்து கடலோரத்தில் முடிப்பது. பட்டணத்து ஆட்கள் ஓடினால் எங்களுக்கு நிவாரணம் எப்படி வரும் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. உப்பளத்து வழிக்கு நோட்டீஸில் ‘கண்கொள்ளாக் காட்சி’ என்று போட்டிருந்தது. சித்திரை வெயிலில் அங்கே உப்பு வாருகிறவர்களுக்குக் கண் எரிகிற எரிச்சலில் எந்தக் காட்சியும் கொள்ளாது, அது வேறு விஷயம்.

நோட்டீஸின் அடியில் சின்ன எழுத்தில் ‘உள்ளூர்க்காரர்களுக்குக் கட்டணம் இல்லை’ என்று இருந்தது. அந்த வரியை நான் மூன்று தடவை படித்தேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பிளஸ் டூ படிக்கும்போது மாவட்ட அளவில் மூவாயிரம் மீட்டர் ஓடி இரண்டாவதாக வந்திருந்தேன். அதற்கு மேல் படிக்கவும் இல்லை, ஓடவும் இல்லை. உப்பளத்துக்குப் போய்விட்டேன். அந்த இரண்டாவது இடம் மட்டும் பல்லிடுக்கில் மாட்டின கீரை நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஏதோ ஒன்றில் முதலாவதாக வர வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

பேர் கொடுத்துவிட்டு வந்து அண்ணியிடம் சொன்னேன். அண்ணன் மனைவி. மிதிக்கிற வரிசையிலும் எனக்குப் பக்கத்து இடம் அவளுக்குத்தான்.

“அம்பது கிலோமீட்டரா? பாண்டிச்சேரிக்குப் போய்ட்டு வர்றதுக்கு பஸ்ஸே ரெண்டு எடத்துல நின்னு மூச்சு வாங்குதே” என்றாள். ஆனால் அன்றைக்கே தன் தம்பியிடம் சொல்லி எனக்கு ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ வாங்கிவர வைத்தவளும் அவள்தான்.

மூன்று மாதம், வேலைக்குப் போகும் முன்னால், இருட்டு விலகும்போதே சாலையோரம் ஓடுவேன். சுடிதார் போட்டுக்கொண்டு ஒரு பெண் தனியாக ஓடினால் ஊர் சும்மா இருக்குமா? டீக்கடைக்காரர் தினமும் ஒரே கேள்வியைக் கேட்பார்: “இன்னாம்மா, பஸ்ஸ வுட்டுட்டியா?” முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. பிறகு “இல்லண்ணா, பஸ்ஸுதான் என்னை வுட்டுடுச்சு” என்று சொல்லிக்கொண்டே ஓடப் பழகினேன். மாலையில் மிதித்து முடித்த கால் காலையில் ஓட மறுக்கும், ஓடின கால் மிதிக்கும்போது மரத்துப்போகும். அப்படியும் மழை முடிந்த பிறகு நாலு பாத்தியைப் பத்தொன்பது நாளில் மிதித்து முடித்தோம். வெள்ளிக்கிழமை கடைசி மிதி. ஞாயிற்றுக்கிழமை ஓட்டம்.

உப்பளம் வழியாகத்தான் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். வரப்பு வழியாகப் போவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மனுஷர்கள் வேறு எது வழியாகப் போவார்கள்? அவர்கள் இடம் பார்க்க வந்தது புரட்டாசியில் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது உப்பெடுத்து முடித்து, பாத்தியெல்லாம் காய்ந்து கட்டாந்தரையாகக் கிடந்திருக்கிறது. நடந்து பார்த்திருக்கிறார்கள், பிரமாதமாக இருந்திருக்கிறது, காகிதத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். வானூரில் இருக்கிற குத்தகைக்காரரிடம் போனில் கேட்டிருக்கிறார்கள், அவரும் தாராளமாகப் போங்கள் என்றிருக்கிறார். அவர் பாத்தியில் கால் வைத்தே எத்தனையோ வருஷம் ஆகிறது. மிதிக்கிற எட்டுப் பேரில் ஒருத்தியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சனிக்கிழமை இருட்டி நாங்கள் வீட்டுக்குப் போன பிறகு வந்து, அதே கோட்டில் வரப்புகளின் மேல் கொடிகளை நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது எண்பது பேருக்கு மேல் நின்றோம். உள்ளூர்க்காரர்கள் நாலு பேர், அதில் பெண் என்று நான் ஒருத்திதான். எங்களைக் கடைசியில் நிற்கச் சொன்னார்கள். நின்றேன். வழியில் மூன்று இடத்தில் ரிப்பன் கொடுப்பார்கள், அதை மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும், மூன்றும் இருந்தால்தான் ஓடினதாகக் கணக்கு என்று தொப்பி போட்ட அமைப்பாளர் மைக்கில் சொன்னார். கூனிமேட்டில் சிவப்பு, திரும்புகிற இடத்தில் மஞ்சள், உப்பளத்தில் நீலம்.

ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் இருபது கிலோமீட்டர் நான் ஓடினேன், அடுத்த பதினைந்தை என் கால் ஓடியது, அதற்குப் பிறகு யார் ஓடினார்கள் என்று தெரியாது. திரும்பி வரும்போது கூனிமேட்டில் ஒரு பாய் தன் கடையிலிருந்து இறங்கி ஓடிவந்து எலுமிச்சை சர்பத் கொடுத்தார். “மாஷா அல்லா! ஆம்பளைங்க ஒம்பது பேருதான்மா முன்னாடி போயிருக்காங்க. பொம்பளைங்கள்ல நீதான் ஃபர்ஸ்ட்டு. வுட்டுடாதே!” என்றார். அந்த இனிப்பைவிட அந்தச் சேதி வயிற்றில் இறங்கியது. எனக்கு அழுகை வந்தது. ஓடிக்கொண்டே அழுவது சிரமம், மூச்சு முட்டும். அதனால் அழாமல் ஓடினேன்.

சாலையை விட்டு உப்பளத்துக்குள் திரும்பியபோது தூரத்தில் எங்கள் பெண்கள் ஏழு பேரும் வரப்பில் நிற்பது தெரிந்தது. எனக்குக் கை தட்டத்தான் வந்திருந்தார்கள். ஆனால் யாரும் கை தட்டவில்லை. கைகளைத் தலைக்கு மேலே வீசிக் கத்திக்கொண்டிருந்தார்கள். கிட்டே போனதும் காதில் விழுந்தது.

“எறங்காதீங்க! ஐயோ, மிதிக்காதீங்கய்யா! வரப்பு மேல போங்க!”

எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்து, சிரித்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் பாத்திக்குள் இறங்கினார். “தேங்க் யூ! தேங்க் யூ!” என்று வேறு சொன்னார். ஊர்ப் பெண்கள் தன்னை உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்துவிட்டார். அவருக்கு முன்னால் போன எட்டுப் பேரும் அப்படித்தான் கையாட்டிவிட்டுப் போனார்கள் என்று அண்ணி பிறகு சொன்னாள். ஒன்பது பேர் போன வழியில், நாலு பாத்தியின் நடுவிலும் கருப்பாகக் கோடு விழுந்திருந்தது. கூர் கூராகக் கட்டம் போட்ட ஷூ அடி, ஒவ்வொன்றிலும் சேறு பிதுங்கிக்கொண்டு நின்றது. இரண்டாவது பாத்தியின் நடுவில் ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் நீல ரிப்பன்கள். நாற்காலியின் நாலு காலும் பாத்திக்குள் இறங்கியிருந்தன.

நான் வரப்பிலேயே நின்றுவிட்டேன். “சார், ரிப்பன எடுத்துக்கிட்டு இங்க வாங்க சார்!” என்று கத்தினேன்.

“நீங்கதாம்மா இங்க வரணும். ரூட்டு இதுதான்.”

“அது மிதிச்ச பாத்தி சார். கால் வைக்கக் கூடாது.”

“எல்லாரும் இது வழியாத்தானே போறாங்க? ஒண்ணும் ஆவலியே. தரை நல்லாத்தானே இருக்குது?” என்றவர் எழுந்து நின்று, எனக்குக் காட்டுவதற்காகக் குதிகாலால் ஓங்கி இரண்டு குத்துக் குத்தினார்.

அந்த இரண்டு குத்தும் என் நெஞ்சில் விழுந்தது. மிகைப்படுத்தவில்லை, நிஜமாகவே வலித்தது.

அண்ணி என் தோளைப் பிடித்துத் தள்ளினாள். “நீ போம்மா. அதான் எல்லாம் போயிடுச்சே. பின்னாடி இன்னும் எழுபது பேர் வர்றாங்க. உன் ரெண்டு காலாலதான் கெட்டுடப் போவுதா? ஓடு, போய் ஜெயிச்சுட்டு வா!”

அவள் சொன்னது நியாயம்தான். ரிப்பன் அறுபது அடி தூரத்தில் இருந்தது. எனக்குப் பின்னால் யாரும் கண்ணுக்குத் தெரியவில்லை. மூன்று மாதம் ஓடியிருக்கிறேன், அன்றைக்கு மட்டும் நாற்பத்தேழு கிலோமீட்டர் ஓடியிருக்கிறேன். அரை நிமிஷம் நின்றேன் என்று நினைக்கிறேன். கால் தூக்கக்கூடச் செய்தேன், வைக்கத்தான் முடியவில்லை. என் காலால் இறுக்கின தரையை என் காலாலேயே உடைக்க எனக்கு வரவில்லை. இதைப் பெருந்தன்மை என்று யாராவது பாராட்டினால் அதற்கும் கோபப்படுவேன். அது வெறும் ஆத்திரம். ஒன்பது முட்டாள்கள் செய்ததைப் பத்தாவதாக நானும் செய்ய மாட்டேன் என்கிற வீம்பு.

வரப்பைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். நாலு பாத்தியையும் அதை ஒட்டிய வாய்க்காலையும் சுற்றி வர ஒரு கிலோமீட்டருக்குக் குறையாது. வரப்பின் அகலம் ஒரு முழம். பாதி தூரத்தில் திரும்பிப் பார்த்தபோது சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெண் உப்பளத்துக்குள் நுழைவது தெரிந்தது. அவள் நேராகப் பாத்தியில் இறங்கி, ரிப்பனை வாங்கிக்கொண்டு, மறுபக்கம் ஏறி, எனக்கு நூறு அடி முன்னால் போனாள். அவளைத் துரத்தினேன். எங்கிருந்து பலம் வந்தது என்று தெரியாது, கடலோரத்துப் பந்தலுக்குள் அவள் நுழைந்து பத்து மூச்சு விடுவதற்குள் நானும் நுழைந்தேன்.

மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் என் கையைப் பிடித்துப் பார்த்தார். சிவப்பு இருந்தது. மஞ்சள் இருந்தது.

“நீலம் எங்கே?”

சொன்னேன். மூச்சு வாங்க வாங்க முழுக்கதையும் சொன்னேன். ஒரு கிலோமீட்டர் கூடுதலாக ஓடியிருக்கிறேன், குறைவாக இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, நோட்டில் என் எண்ணுக்கு நேராக ஒரு கோடு கிழித்தார். “ரூல்ஸ்னு ஒண்ணு இருக்குதில்லம்மா” என்றார். பாத்திக்கும் ரூல்ஸ் இருக்கிறது. அதை யார் நோட்டில் எழுதி வைத்தார்கள்?

சிவப்புத் தொப்பிப் பெண் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “நீங்க ஏன் சுத்திப் போனீங்க?” என்று கேட்டாள். அவளுக்கும் சொன்னேன். குனிந்து தன் ஷூவைப் பார்த்தாள். கணுக்கால் வரைக்கும் கருஞ்சேறு. முகம் மாறியது. அதற்குள் அவளைக் கோப்பை வாங்கக் கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

அதோடு போயிருந்தால் ஒருவேளை நானும் மறந்திருப்பேன். பரிசு கொடுத்து முடித்த பிறகு தொப்பி அமைப்பாளருக்கு என் மேல் பரிதாபம் வந்துவிட்டது. ஊரே பந்தலைச் சுற்றி நிற்கிறது. மைக்கைக் கையில் எடுத்தார்.

“நம்ம உள்ளூர்ச் சகோதரி ஒருத்தர், பாவம், கடைசி நேரத்தில் வழி தவறிட்டாங்க! வழி தவறினாலும் அவங்க முயற்சிக்கு எல்லாரும் ஒரு கைதட்டல் கொடுங்க!”

பின்னால் நின்ற ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு எழுந்தது. அப்புறம் தட்டினார்கள், விசிலும் அடித்தார்கள். கல்யாணம் ஆகாத இருபத்து மூன்று வயதுப் பெண், வழி தவறிவிட்டாள். நாலு ஒலிபெருக்கியில், கடல் வரைக்கும் கேட்கிற மாதிரி. அண்ணன் கூட்டத்துக்குள் புகுந்து யார் சிரித்தது என்று தேட ஆரம்பித்தான். அண்ணி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் நேராக மேடைக்குப் போனேன். “சார், நான் வழி தவறல. அதை மைக்கில சொல்லுங்க.”

“நான் தப்பா ஒண்ணும் சொல்லலியேம்மா. ரூட் மாறிப் போயிட்டீங்கன்னு அர்த்தம். ஒரு வார்த்தைதானே?”

“ஒரு வார்த்தைதானே, திருப்பி எடுத்துக்கங்க. பொறந்ததுலேர்ந்து நடக்கற எடம் சார் இது. எனக்கா வழி தெரியாது?”

“சரி சரி, டென்ஷன் ஆவாதீங்க” என்று சொல்லிவிட்டு, தேசிய கீதம் போடச் சொன்னார். போட்டார்கள். ஐம்பத்தொரு கிலோமீட்டர் ஓடின காலோடு நானும் அசையாமல் நின்றேன். வேறு என்ன செய்ய முடியும்? அவருக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை மறுபடியும் இறங்கினோம். பிதுங்கின சேற்றையெல்லாம் வழித்தெடுத்து, மணல் தூவி, முதலிலிருந்து. பக்கத்துப் பாத்திகளில் தண்ணீர் கட்டி உப்புப் பூக்க ஆரம்பித்திருந்தது. நாங்கள் மிதித்துக்கொண்டிருந்தோம். முதல் இரண்டு நாள் என் கால் விரல்களில் நகம் கழன்றது. பஸ் நிறுத்தத்தில் பையன்கள் “வழி எங்க போவுதுங்க?” என்று என்னிடம் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்த ஒரு வீட்டார், அதெல்லாம் என்ன பேச்சு என்று விசாரித்துவிட்டு வராமலே இருந்துவிட்டார்கள். அண்ணிதான் வரிசையில் என் பக்கத்தில் நின்று, நான் பேசாமல் இருந்தால் தானும் பேசாமல் மிதிப்பாள். பதினாறாவது நாள் கடைசி மிதி முடிந்தது.

அதற்கு மறுநாள் காலை நாங்கள் வாய்க்கால் கரையில் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தோம். சாலையோரம் ஒரு ஜீப் வந்து நின்றது. தொப்பி அமைப்பாளர் இறங்கினார். கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ். பாத்திகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே சத்தமாகச் சொன்னார்: “சிஸ்டர்! விசாரிச்சோம், நாங்க பண்ணது தப்புதான். உங்களுக்கு சர்ட்டிபிகேட் எடுத்தாந்திருக்கேன். என் கையால குடுத்துட்டு மன்னிப்புக் கேக்கணும்னுதான் வந்தேன்!”

எனக்கு ஒரு நிமிஷம் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. சரி, மனுஷன்தான் என்று நினைத்தேன். அண்ணி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றேன். அவரும் முகம் நிறையச் சிரிப்போடு, சான்றிதழை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஷூவோடு நேராகப் பாத்திக்குள் இறங்கினார்.

எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் அலறினோம். அவர் பாத்தியின் நடுவில் அப்படியே நின்றார். “அங்கயே நில்லுங்க! கால எடுக்காதீங்க!” என்று கத்தினேன். அவர் ஒற்றைக் கையால் சான்றிதழை என் பக்கமாக நீட்டினார். “வாங்கிக்கங்க சிஸ்டர்.” அதை வாங்க வேண்டுமென்றால் நானும் பாத்திக்குள் இறங்க வேண்டும்.

“திரும்பிப் போங்க. வந்த அடியிலயே கால வச்சுப் போங்க” என்றேன்.

குனிந்து தன் கால்தடங்களைப் பார்த்துப் பார்த்து, அதே குழிகளில் காலை வைத்து வைத்து, சான்றிதழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பிப் போனார். சாலையோரம் ஏறி ஷூவில் ஒட்டியிருந்த சேற்றைக் கல்லில் தேய்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார், வரப்பையும் பார்த்தார். அது எங்கே தொடங்கி எப்படிச் சுற்றி என்னிடம் வந்து முடிகிறது என்பது அங்கிருந்தே நன்றாகத் தெரியும். ஒரு கிலோமீட்டர்தான். நான் காத்துக்கொண்டு நின்றேன். அவர் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.